சோறு இறங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்

(மதுரங்குளியில் நடந்த கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பள விடயத்தையும் சேமலாப நிதி விடயத்தையும் கேட்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவை பிறகு வரும். அதற்கு முன் தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சங்கக் கூட்டத்தில் தொண்டைக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நம்மில் ஒருவருக்குச் சோறு இறங்காமல் போனால், அவர் வைத்தியசாலைக்குப் போவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அன்றைய நாள் சம்பளம்தான் முடிவு செய்கிறது. அதனால் இது சங்கத்தின் விடயம்தான்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. யாருக்கு என்ன நோய் என்று சொல்ல வரவில்லை. விழுங்க நோகிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் எப்போது வீட்டில் இருக்கலாம், எப்போது உடனே ஓட வேண்டும், எப்போது ஓடத் தேவையில்லை ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது என்ற மூன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறோம்.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. தடிமன், இருமல், காய்ச்சல், தொண்டை நோவு. எச்சில் விழுங்கினாலே நோகும். இது பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாகக் குறைந்துவிடும். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் கொடுக்கும் மருந்தை நோவு நின்ற அன்றே நிறுத்தாமல் சொன்ன நாள்வரை கொடுங்கள். சில தொண்டைக் கிருமிகள் சரியாக மருந்து எடுக்காவிட்டால் பின்னாளில் பிள்ளையின் இருதயத்தையே தாக்கும்.

இரண்டாவது, ஓட வேண்டிய நேரம். சாப்பாடு அடைத்துத் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயால் வழிகிறது என்றால் ஓடுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம், மூச்சில் சத்தம் கேட்கிறது என்றாலும் அப்படித்தான். காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல், வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துப் பேசுவதுபோல் குரல் மாறினால் தொண்டைக்குள் சீழ் கட்டியிருக்கலாம். திடீரென்று விழுங்க முடியவில்லை, கூடவே வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்க வரவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால் அது தொண்டை வருத்தமே இல்லை, பாரிசவாதம். அப்படிப்பட்டவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். நெஞ்சுக்குள் போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். பணம் கிடையாது. அந்த இலக்கத்தைக் கைபேசியில் இப்போதே போட்டுவையுங்கள்.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு மீன் முள் கதை சொல்லத் தேவையில்லை. முள் சிக்கினால் சோற்றை உருண்டையாக உருட்டி விழுங்கு, வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன முள் சில வேளை அப்படிப் போய்விடும், அதனால்தான் அந்தப் பழக்கம் நிலைத்தது. ஆனால் குத்தி நிற்கும் முள்ளை உருண்டை இன்னும் ஆழமாகத் தள்ளும். உணவுக்குழாயைத் துளைத்த முள் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரம் கழிந்தும் ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் ஒரே இடத்தில் குத்துகிறது, எச்சிலில் இரத்தம் தெரிகிறது, கழுத்து அல்லது நெஞ்சு நோகிறது என்றால் அன்றைக்கே வைத்தியசாலை. சிறு பிள்ளை காசையோ, விளையாட்டுச் சாமானில் இருக்கும் பொத்தான் போன்ற வட்ட பெற்றரியையோ விழுங்கினால் மலத்தில் வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. பெற்றரி தொண்டைக்குள் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

இதில் நமக்கு அதிகம் விளக்கம் வேண்டியதில்லை. முள் சிக்கினால் எல்லோரும் ஓடுகிறோம். ஓடாமல் இருப்பது மூன்றாவது வகையில்தான். அது மெதுவாக வரும், நோகாமலும் வரும்.

எப்படி வரும் என்று கேளுங்கள். முதலில் ரொட்டி நெஞ்சில் நிற்பதுபோல் இருக்கும். ஒரு மிடறு பிளேன்டீ குடித்தால் இறங்கிவிடும். அதனால் அவர் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்குவார். அடுத்து இறைச்சி வேண்டாம் என்பார், பல் சரியில்லை என்று காரணம் சொல்வார். அடுத்து சோற்றைக் குழைத்துத் தா, கறியைத் தண்ணியாக வை என்பார். பிறகு கஞ்சி. ஒவ்வொரு படியிலும் அவர் தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறாரே தவிர, நோய் என்று நினைப்பதில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டும்போதுதான் வீட்டில் கவனிக்கிறார்கள். அதற்குள் மாதங்கள் போய்விடும். கெட்டியானது முதலில் நிற்பதும், பிறகு மென்மையானது நிற்பதும், கடைசியில் தண்ணீரும் நிற்பதும் உணவுக்குழாய் உள்ளே ஒடுங்கிக்கொண்டு வருகிறது என்பதற்கான அடையாளம். ஒடுங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் புற்றுநோய் ஒன்று.

இதை முதலில் காணக்கூடியவர் நோயாளியே அல்ல, சமைத்துப் பரிமாறுகிறவர்தான். அதனால் வீட்டிலுள்ள அம்மாமார், உம்மாமார், மனைவிமார், மகள்மாருக்குச் சொல்கிறோம்: வழக்கமாகச் சாப்பிட்டதை ஒருவர் ஒதுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் கேட்டால், மற்றவர்கள் எழுந்த பிறகும் கோப்பையோடு உட்கார்ந்திருந்தால், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நேரே கேளுங்கள். சமைக்கிறவருக்கே இது வந்தால் கவனிக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாள் என்று யார் பார்க்கிறார்கள்? அதையும் பாருங்கள்.

நாள் கணக்குக் கேட்பீர்கள். சாப்பாடு நிற்பதும் விழுங்க நோவதும் இரண்டு கிழமைக்கு மேல் போனால் வைத்தியரிடம் போக வேண்டும். உடம்பு மெலிகிறது, வாந்தியில் இரத்தம், மலம் தார்போல் கறுப்பாகப் போகிறது, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது ஒரு காதுக்குள் குத்துகிறது, குரல் கரகரத்து மூன்று கிழமையாகத் தெளியவில்லை, இவற்றில் ஒன்று கூடவே இருந்தால் இரண்டு கிழமை எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தும்பு ஆலையில் வேலை செய்கிற சகோதரிகள் தொண்டை கரகரப்பு எல்லாம் தும்புத் தூசு என்றுதான் சொல்வார்கள். தூசு கரகரக்க வைக்கும், உண்மை. ஆனால் தூசு சோற்றை நிறுத்தாது, கழுத்தில் கட்டி வைக்காது.

பயந்துவிட வேண்டாம். விழுங்கக் கஷ்டம் என்று போகிற பலருக்குச் சின்னக் காரணம்தான். நெஞ்செரிவு நாட்பட்டால் அமிலம் ஏறி உணவுக்குழாய் புண்ணாகும். நீரிழிவுக்காரருக்கு வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். நெடுநாள் இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கும் சோறு சிக்குவது உண்டு. மாத்திரையும் செய்யும். எலிக்காய்ச்சலுக்காக வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்களே, டொக்ஸிசைக்கிளின், அதை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது நெஞ்சுக்குள்ளேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கும். அடுத்த நாள் எச்சில் விழுங்கினாலும் நெருப்பு. மாத்திரை எதுவானாலும் உட்கார்ந்து, ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இதெல்லாம் மருந்தோடு மாறக்கூடியவை. எது சின்னது எது பெரியது என்று நாம் வீட்டிலிருந்து பிரிக்க முடியாது, அதற்குத்தான் போகச் சொல்கிறோம்.

இனி வெற்றிலை. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பல வருடங்களாக முன்னுக்கு நிற்பது வாய்ப் புற்றுநோய். மதுவும் சிகரட்டும் பீடியும் காரணம்தான். ஆனால் தோட்டப்புறத்தில் பெண்களுக்கும் அது வருவதற்கு முக்கிய காரணம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைச் சேர்க்கை. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே போடுகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. பொட்டலத்தில் வரும் புகையிலைக் கலவைகளை நம் அரசாங்கம் 2016 இல் தடை செய்தது. தடை செய்த பிறகும் அவை எங்கே கிடைக்கும் என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும் என்பது வேறு கதை.

வெற்றிலை போடுகிறவரைப் பார்த்து ஏளனமாகப் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கல்யாணத்துக்குச் சொல்வதும் வெற்றிலை வைத்துத்தான், சபையில் மரியாதை செய்வதும் வெற்றிலை கொடுத்துத்தான். அதற்கு மேல், விடிகாலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறவர் பசியை அடக்குவதற்கு மலிவான வழி அது. ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று உரிக்கிறவருக்கு நடுவில் எழுந்து தேநீர் குடித்தால் கணக்குக் குறையும். வாயில் அடக்கிக்கொண்டால் கை ஓயாது. பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விடு விடு என்றால் யாரும் விட மாட்டார்கள். வேலை நேரத்தில் தேநீருக்கு ஓய்வு கேட்பதும் ஒருவகையில் தொண்டைக்கான கோரிக்கைதான்.

விடுகிறவர் விடட்டும். விடும்வரைக்கும் மாதத்தில் ஒரு நாள் கண்ணாடி முன் நின்று, பகல் வெளிச்சத்தில் அல்லது டோர்ச் அடித்து, வாயைப் பாருங்கள். வாயைக் கழுவி, பொய்ப்பல் இருந்தால் கழற்றி, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கின் அடி, ஈறு, அண்ணம் எல்லாம் பாருங்கள். வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குகிறீர்களோ அந்தக் கன்னத்தைக் கூடுதலாக. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாக ஆறாத புண், தடிப்பு. புண் நோகவில்லை என்பது ஆறுதல் அல்ல, ஆரம்பத்தில் அது நோகாது. உறைப்பான கறி முன்பு இல்லாதபடி வாயை எரிக்கிறதா? உங்கள் கையின் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் விடப் பாருங்கள். மூன்றும் போகவில்லை என்றால், கன்னத்துத் தசை பாக்கினால் நார்போல் இறுகத் தொடங்கியிருக்கலாம். இறுகிய வாய் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும். இப்படி எதைக் கண்டாலும் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல் பிடுங்குவதற்கு மட்டும் அவர் இருக்கிறார் என்று நினைக்கிறோம், வாயைப் பார்ப்பதும் அவருடைய வேலை.

இப்படிப் பார்ப்பதால் பலன் உண்டா? உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். சில பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். மற்றப் பஞ்சாயத்துகளில் பார்க்கவில்லை. 2005 இல் கணக்கு வெளிவந்தது. புகையிலை, மது பழக்கமுள்ளவர்களில், வாயைப் பார்த்த இடங்களில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இயந்திரம் எதுவும் இல்லை, வெளிச்சமும் கண்ணும்தான்.

நம் நாட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் மத்திய மாகாணத்தில், பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு இருந்தவர்களும் 34 சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஒரு வருடத்தில் 28,000 பேருக்கு மேல் வாயைப் பார்த்தார்கள். அதில் 1,220 பேருக்கு ஏதோ இருக்கிறது, வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொன்னார்கள். போனவர்கள் 660 பேர். போனவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேரில் ஊழியர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. போகாத 560 பேரைப் பற்றி நாங்கள் நினைத்துப் பார்க்கிறோம். அவர்களுக்கு யாரும் சொல்லாமல் இல்லை. வாயைத் திறந்து காட்டி, இருக்கிறது என்று கேட்டு, கையில் துண்டும் வாங்கிய பிறகு போகவில்லை. ஏன் போகவில்லை என்று நமக்குத் தெரியாதா? பறிப்பு முடியட்டும், சம்பளம் வரட்டும், மகளின் பரீட்சை முடியட்டும். மரமேறுகிற தோழருக்கு ஒரு பறிப்பு தவறினால் அடுத்தது கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்துத்தான். நோய்க்கு அந்த நாட்காட்டி தெரியாது.

இன்னொரு பயமும் உண்டு. சதையில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும், கத்தி பட்டால் ஆள் தப்பாது என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. வெட்டிய பிறகு இறந்தவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்தது. அவர்கள் பிந்திப் போனவர்கள். துண்டு எடுத்துப் பார்க்காமல் என்ன நோய் என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விழுங்கக் கஷ்டம் என்றால் கமரா வைத்த மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டுப் பார்ப்பார்கள். அது பிடிக்காத வேலைதான், ஓங்காளிக்கும், ஆனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

போகிறவர்களுக்கு ஒரு விடயம். வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளம், வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். தொண்டை நோவு என்று மட்டும் சொன்னால் தொண்டை நோவு மருந்துதான் கிடைக்கும். "சோறு நிற்கிறது, இத்தனை கிழமையாக" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். கெட்டியானது மட்டுமா, தண்ணீருமா, எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு மெலிந்தீர்கள், வெற்றிலை, சிகரட், சாராயம் எவ்வளவு காலம், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், எல்லாம் சொல்லுங்கள். சாராயத்தை மறைக்காதீர்கள், அங்கே யாரும் பொலிஸில் சொல்ல மாட்டார்கள். சிங்களம் பேசக் கூச்சமாக இருந்தால் எழுதிக்கொண்டு போங்கள் அல்லது பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்து முடிந்தும் மாறவில்லை என்றால் திரும்பவும் போய், "போன முறை வந்தேன், மாறவில்லை" என்று சொல்லிப் பெரிய வைத்தியசாலைக்குத் துண்டு கேளுங்கள். மதுரங்குளியிலிருந்து வடக்கே புத்தளம், தெற்கே சிலாபம், இரண்டும் ஒரே பஸ் பாதையில். அங்கிருந்து தேவையானவர்களைக் குருணாகலுக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை இலவசம். செலவு பஸ்ஸுக்கும் கூடப் போகிறவரின் சாப்பாட்டுக்கும் இழக்கிற சம்பளத்துக்கும்தான், அதுவும் நமக்குச் சின்னத் தொகை இல்லை.

அதற்குச் சில வழிகள். புற்றுநோயாளர்களுக்கான மாதாந்த உதவி பற்றி முந்தல் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். விண்ணப்பம் எழுதச் சங்கத்தில் ஆள் இருக்கிறது. பத்து வருடம் வேலை செய்து, சேமலாப நிதியில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருப்பவர், புற்றுநோய் போன்ற பெரிய நோய்ச் சிகிச்சைக்கு அதில் 30 சதவீதம்வரை முன்கூட்டியே எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்றே தெரியாமல் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? வருத்தம் வந்த பிறகு அதைத் தேடாமல் இப்போதே பாருங்கள். சேமலாப நிதி பற்றி அடுத்துப் பேசுகிற தோழர் எப்படிப் பார்ப்பது என்று சொல்வார்.

கிளினிக் துண்டு கிடைத்தவர்கள் திகதியைக் கிளைச் செயலாளரிடம் சொல்லிவையுங்கள். அன்றைக்கு லீவு கேட்கும்போது மறுத்தால், அல்லது அடுத்த நாள் வேலை இல்லை என்று அனுப்பினால், வாய்த்தர்க்கம் செய்யாமல் துண்டோடு எங்களிடம் வாருங்கள். பேசுவது எங்கள் பொறுப்பு. தனியாகப் போகப் பயப்படுகிறவர்களோடு போகவும் ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேசையில் டோர்ச்சும் கண்ணாடியும் இருக்கும். பெண்களுக்கு உள்ளறையில் தனியாக வைத்திருக்கிறோம்.